தசைத் தளர்த்தி மாத்திரைகள்: வலிக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு?

முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போகிறவருக்கு எழுதப்படும் மருந்துச்சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று வலி நிவாரணி, இன்னொன்று 'மசில் ரிலாக்சன்ட்' எனப்படும் தசைத் தளர்த்தி. முதலாவது என்ன செய்யும் என்று பலருக்கும் தெரியும். இரண்டாவதைப் பெயரை வைத்தே புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறோம். தசை இறுகியிருக்கிறது, மாத்திரை அதைத் தளர்த்துகிறது, வலி போகிறது.

உண்மையில் வலிக்காகத் தரப்படும் தசைத் தளர்த்திகள் தசையை நேரடியாகத் தொடுவதே இல்லை. அவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. இந்த ஒரு விவரம் கையில் இருந்தால் மற்றவை வரிசையாக விளங்கும்: ஏன் தூக்கம் தள்ளுகிறது, மதுவோடு சேர்ந்தால் ஏன் ஆபத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஏன் தரக்கூடாது, சிலவற்றை ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது.

ஒரே பெயரில் மூன்று வகை

குழப்பத்தின் பாதி பெயரில் இருக்கிறது. 'தசைத் தளர்த்தி' என்று மூன்று வெவ்வேறு வேலைக்கான மருந்துகளை அழைக்கிறார்கள்.

1. தசைப்பிடிப்புக்கானவை. சுளுக்கு, கழுத்துப் பிடிப்பு, திடீர் இடுப்புவலி போன்றவற்றுக்குத் தரப்படுபவை. சைக்ளோபென்சபிரின், மெத்தோகார்பமால், கரிசோப்ரடால், குளோர்சாக்சசோன், மெட்டாக்சலோன், ஆர்பினட்ரின், தயோகால்சிகோசைடு ஆகியவை இந்த வகை.

2. தசை விறைப்புக்கானவை. பக்கவாதம், தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பெருமூளை வாதம் போன்றவற்றில் மூளையின் கட்டுப்பாடு அறுந்து தசைகள் நிரந்தரமாக விறைத்துப்போகின்றன. அதற்கு பேக்லோபென், டிசானிடின், டான்ட்ரோலின்.

3. அறுவை அரங்கில் பயன்படுபவை. சக்சினைல்கோலின், வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்றவை நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பையே துண்டித்து, மூச்சுத் தசைகள் உட்பட உடலைச் செயலற்றதாக்கும். செயற்கைச் சுவாசம் இல்லாமல் இவற்றைக் கொடுக்க முடியாது. வலியைக் குறைக்கும் குணம் இவற்றுக்குத் துளியும் கிடையாது. இந்தக் கட்டுரைக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

டயசெபாம் முதல் இரண்டு வகையிலும் கால் வைத்திருக்கிறது.

பிடிப்பும் விறைப்பும் நோயாளிக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். மருத்துவத்தில் அவை வேறு. பிடிப்பு என்பது நல்ல நரம்புமண்டலம் உள்ள உடலில், காயப்பட்ட இடத்தை அசையவிடாமல் காக்க அருகிலுள்ள தசை இறுகுவது. விறைப்பு என்பது நரம்புமண்டலத்தில் ஏற்பட்ட பழுதின் விளைவு. விறைப்புக்குப் பேக்லோபென் பலன் தருவது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அந்தப் பலனைக் காட்டி இடுப்புப் பிடிப்புக்கும் அது கேட்கும் என்று சொல்ல முடியாது. இரவில் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் குரக்குவலி மூன்றாவது விஷயம். அதற்கு இந்த மாத்திரைகள் முதல் தேர்வே அல்ல.

சாந்தமான எலிகள்

இந்த மருந்துகள் பிறந்த கதையே இவற்றின் குணத்தைச் சொல்லிவிடும். 1940களில் ஃபிராங்க் பெர்கர் என்ற ஆய்வாளர், பெனிசிலினைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தடுக்க ஒரு வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். மெஃபனெசின் என்ற பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கால்கள் தளர்ந்தன. எலிகளோ விழித்தபடி, பதற்றமே இல்லாமல் சாந்தமாகக் கிடந்தன. அந்தப் பொருளின் வழிவந்ததுதான் 1955இல் மனப்பதற்றத்துக்காக விற்பனைக்கு வந்த மெப்ரோபமேட். அதைச் சற்றே மாற்றி 1959இல் வந்தது கரிசோப்ரடால். அதாவது மன அமைதி மாத்திரையும் தசைத் தளர்த்தியும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சைக்ளோபென்சபிரின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினுக்கும் இதற்கும் வேதியியல் அமைப்பில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான் வித்தியாசம். 1977இல் அமெரிக்காவில் இதற்குத் தசைத் தளர்த்தியாக அனுமதி கிடைத்தது. பேக்லோபென் 1960களில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு எடுபடாமல் விறைப்புக்கு வந்து சேர்ந்தது.

எங்கே, எப்படி வேலை செய்கின்றன?

தசை தானாக இறுகுவதில்லை. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளையின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூளைத்தண்டும் தண்டுவடத்திலுள்ள இடைநரம்புகளும். மாத்திரைகள் தலையிடுவது இந்த இடத்தில்தான்.

பேக்லோபென், நரம்பணுவில் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் காபா-பி என்ற ஒன்றைத் தூண்டித் தண்டுவடத்தில் நரம்புத் துடிப்புகளை அடக்குகிறது. டிசானிடின், ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டுகிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் குளோனிடினின் உறவு இது, ஆகவே அழுத்தத்தையும் இறக்கும். டயசெபாம், காபா-ஏ வழியாகச் செல்கிறது; தூக்கமாத்திரைகளின் பாதையும் அதுவே. சைக்ளோபென்சபிரின் மூளைத்தண்டு மட்டத்தில் செயல்படுகிறது. மெத்தோகார்பமால், மெட்டாக்சலோன், குளோர்சாக்சசோன் மூன்றுக்கும் துல்லியமான வழி நிறுவப்படவில்லை. மைய நரம்புமண்டலத்தைப் பொதுவாக மந்தப்படுத்துவதால்தான் பலன் வருகிறது என்பதே இவற்றின் மருந்துக் குறிப்புகளில் காணப்படும் விளக்கம்.

டான்ட்ரோலின் ஒன்றுதான் விதிவிலக்கு. தசை நார்களுக்குள் கால்சியம் வெளிவருவதைத் தடுத்து, தசையிலேயே வேலை செய்கிறது. ஆனால் ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்ற உச்ச எச்சரிக்கை அதன்மேல் இருக்கிறது. சாதாரண முதுகுவலிக்கு அதை எழுதுவதில்லை.

ஆக, முதுகின் வலப்பக்கத் தசை மட்டும் இறுகியிருக்கிறது என்பதால் மாத்திரை அங்கே மட்டும் போவதில்லை. முழு நரம்புமண்டலத்தையும் ஒரு படி இறக்கிவிடுகிறது. விழிப்பு, சமநிலை, எதிர்வினை வேகம் எல்லாம் கூடவே இறங்கும். தூக்கக் கலக்கத்தைப் பக்கவிளைவு என்று தனியே பிரித்துப் பேசுவது பழக்கம். இந்த மருந்துகளைப் பொறுத்தவரை விளைவும் பக்கவிளைவும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

வலி எவ்வளவு குறைகிறது?

வலி இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைக் கூட்டும், நடுவில் வெட்டினால் சுழற்சி நின்றுவிடும் என்பது பழைய விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலிக்கும் தசைகளில் மின்னழுத்தப் பதிவு எடுத்துப் பார்க்கும்போது அப்படி ஒரு தொடர்ச்சியான இறுக்கம் எப்போதும் தென்படுவதில்லை.

சோதனை முடிவுகளும் பெரிய நம்பிக்கை தரவில்லை. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 31 சோதனைகளையும் 6,505 பேரையும் உள்ளடக்கியது. டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன் வகையைச் சேராத தசைத் தளர்த்திகள் திடீர் இடுப்புவலியை முதல் இரண்டு வாரத்தில் 100 புள்ளி அளவுகோலில் 8 புள்ளிக்கும் குறைவாகவே குறைத்தன. 10 புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளி உணரும் அளவு என்று அந்த ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். அந்த 8 புள்ளிக்கும் கூட ஆதாரத்தின் உறுதி மிகக் குறைவு என்றே மதிப்பிட்டார்கள். பக்கவிளைவு மட்டும் தெளிவாகக் கூடியிருந்தது.

2015இல் ஜாமா இதழில் வந்த சோதனை இன்னும் நேரடியானது. திடீர் இடுப்புவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 323 பேருக்கும் நாப்ராக்சன் என்ற வலி நிவாரணியைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு குழுவுக்குச் சைக்ளோபென்சபிரின், ஒரு குழுவுக்கு ஆக்சிகோடோன் என்ற அபினி வகை வலி நிவாரணியும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் மருத்துவர்கள் ஏன் எழுதுகிறார்கள்? காரணம் உண்டு. சராசரிக்குள் சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. வலியால் தூங்க முடியாதவருக்கு இரண்டு இரவு தூக்கம் கிடைப்பதே பெரிய விஷயம். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், திடீர் இடுப்புவலிக்கு முதலில் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைச் சொல்லி, மருந்து வேண்டுமென்றால் அழற்சி எதிர்ப்பு வலி நிவாரணி அல்லது தசைத் தளர்த்தி என்கிறது. மறுப்பதற்கில்லை. பெரும்பாலான திடீர் முதுகுவலி சில வாரங்களில் தானாகவே குறையும் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினான்காம் நாள் வலி போனதற்கான பெருமை முழுவதும் மாத்திரைக்கு உரியதல்ல.

மாதக்கணக்கில் நீடிக்கும் நாள்பட்ட முதுகுவலிக்கு இவற்றைத் தொடர்ந்து தருவதற்கான ஆதாரம் இன்னும் மெலிது. ஆனால் நடைமுறையில் ஒரு வாரத்துக்கு எழுதிய சீட்டு மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஓடுவது இந்தப் பிரிவில்தான் நடக்கிறது. இங்கேதான் பயனைவிடத் தீங்கு பெரிதாகத் தொடங்குகிறது.

காலையில் எவ்வளவு மிச்சம்?

உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரைவாழ்வு என்பார்கள். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் பல சந்தேகம் தீரும்.

சைக்ளோபென்சபிரினின் அரைவாழ்வு சராசரியாக 18 மணி நேரம். ஆளுக்கு ஆள் 8 முதல் 37 வரை மாறும். இரவு 10 மணிக்கு ஒன்று போட்டால் காலை 6 மணிக்கு, தோராயக் கணக்கில், நான்கில் மூன்று பங்கு உடலில் இருக்கும். நாளுக்கு மூன்று வேளை போட்டால் மூன்று நான்கு நாளில் ரத்தத்திலுள்ள அளவு, முதல் மாத்திரைக்குப் பின் இருந்ததைப்போல் சுமார் நான்கு மடங்கில் போய் நிற்கும். 'முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை, நான்காம் நாள் எழவே முடியவில்லை' என்ற புகாரின் கணக்கு இதுதான்.

டிசானிடினின் அரைவாழ்வு சுமார் இரண்டரை மணி நேரம். அதே எட்டு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். காலைக் கலக்கம் குறைவு. ஆனால் பலனும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அழுத்தம் இறங்குவதும் வேகமாக நடக்கும்.

கரிசோப்ரடால் ஏமாற்றுக்காரன். அதன் சொந்த அரைவாழ்வு சுமார் 2 மணி நேரம். ஆனால் ஈரல் அதை மெப்ரோபமேட்டாக மாற்றுகிறது; அதற்கு சுமார் 10 மணி நேரம்.

மருந்து மருந்தாக

கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கான பொதுவான வரம்புகள். சீட்டில் எழுதியிருப்பது வேறாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கலாம். எழுதியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சைக்ளோபென்சபிரின். 5 மி.கி. மூன்று வேளை, தேவைப்பட்டால் 10 மி.கி. வரை. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் இறங்காமை, பார்வை மங்கல் ஆகியவை இதன் அமிட்ரிப்டிலின் வம்சத்திலிருந்து வருபவை. மாரடைப்புக்குப் பிந்தைய மீட்புக் காலம், இதயத் துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு இருந்தால் தரக்கூடாது. எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாள் ஆகாதவர்களுக்கும் கூடாது. டிரமடால் அல்லது செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகளோடு சேரும்போது செரட்டோனின் மிதமிஞ்சி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம்.

மெத்தோகார்பமால். முதல் இரண்டு மூன்று நாள் 1,500 மி.கி. நான்கு வேளை, பிறகு நாளுக்கு 4 கிராம் அளவுக்குக் குறைப்பது வழக்கம். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, இது மில்லிகிராமுக்கு வீரியம் குறைந்த மருந்து. சிறுநீர் பழுப்பாகவோ கருப்பாகவோ பச்சையாகவோ மாறலாம்; அது தீங்கில்லை. குளோர்சாக்சசோனும் சிறுநீரை ஆரஞ்சு அல்லது செந்நீலமாக்கும். ஆனால் அதில் அரிதாகக் கடுமையான ஈரல் பாதிப்பு வரும் என்பதால், நிறமாற்றத்தோடு கண் மஞ்சளாவது, பசியின்மை, அரிப்பு இருந்தால் உடனே நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும்.

கரிசோப்ரடால். 250 முதல் 350 மி.கி., மூன்று வேளையும் படுக்கும்போதும். அதிகபட்சம் இரண்டு மூன்று வாரம். முன்பே சொன்ன மெப்ரோபமேட்டால் பழக்கம் பிடிக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2007இல் இதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2012 ஜனவரி முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இதைவிடப் பாதுகாப்பான மாற்றுகள் இருக்கும்போது இதைத் தொடங்குவதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

டிசானிடின். 2 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவது முறை. விறைப்புக்கு நாளின் உச்சவரம்பு 36 மி.கி. ஒரே வேளையாக 8 மி.கி. கொடுத்துப் பார்த்த சோதனையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ரத்த அழுத்தம் 20 விழுக்காடு இறங்கியது. போட்ட ஒரு மணி நேரத்தில் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். இரவில் மாத்திரை போட்டு, நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் மயங்கி விழுவது இந்தக் கணக்கில்தான். இதன் மாத்திரை வடிவமும் கேப்சூல் வடிவமும் உணவோடு வெவ்வேறாக உறிஞ்சப்படும். வெறும் வயிறா, சாப்பிட்டபிறகா என்பதையும் வடிவத்தையும் மாற்றாமல் ஒரே முறையாகப் பின்பற்ற வேண்டும். தொடர்ந்து எடுப்பவர்களுக்கு ஈரல் பரிசோதனை தேவை.

பேக்லோபென். 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். உச்சவரம்பு பொதுவாக 80 மி.கி. பெரும்பகுதி மாற்றமில்லாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. இதுதான் இதன் பெரிய பொறி. சிறுநீரகம் மந்தமானவருக்கு வழக்கமான அளவே மூளையில் தேங்கிக் குழப்பம், உளறல், மயக்கம் வரை கொண்டுபோகும். 2019இல் ஜாமாவில் வெளியான ஆய்வில், நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள முதியோரில் நாளுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் தொடங்கியவர்களில் 1.11 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இப்படிப்பட்ட மூளைப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதைவிடக் குறைந்த அளவில் தொடங்கியவர்களில் 0.42 விழுக்காடு. வீட்டார் இதைப் பக்கவாதம் என்றோ முதுமை மறதி என்றோ நினைத்துவிடுகிறார்கள்.

தயோகால்சிகோசைடு. பல நாடுகளில் வலி நிவாரணியோடு சேர்த்த கூட்டு மாத்திரையாக இது புழங்குகிறது. உடலில் இது உடைந்து உருவாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டதால் ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் கடிவாளம் போட்டது. வாய்வழி 8 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை, தொடர்ந்து 7 நாளுக்கு மேல் கூடாது. ஊசி 4 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை, 5 நாளுக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், கருத்தடை முறை எதுவும் பின்பற்றாத, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் எடுக்கக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டலாம். தூக்கம் அதிகம் தருவதில்லை என்பதால் 'சாது மாத்திரை' என்ற பெயர் இதற்கு வந்துவிட்டது. சாதுவாகத் தெரிவதாலேயே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் உண்டு.

ஆர்பினட்ரின் கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், மயாஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைப் பலவீன நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. டோல்பெரிசோன் என்ற இன்னொரு தசைத் தளர்த்தியைக் கடுமையான ஒவ்வாமை காரணமாக ஐரோப்பாவில் 2012 முதல் பக்கவாதத்துக்குப் பிந்தைய விறைப்புக்கு மட்டும் சுருக்கிவிட்டார்கள்.

தனியாக இருக்கும்போது தூக்கம், சேர்ந்தால் மூச்சு

தசைத் தளர்த்தியால் வரும் பெரிய விபத்துகளில் பெரும்பாலானவற்றில் இன்னொரு பொருளும் கூட்டாக இருக்கும். கவனிக்க வேண்டிய சேர்க்கைகள் இவை:

1. ஓபியாய்டு எனப்படும் அபினி வகை வலி நிவாரணிகள். டிரமடால், கோடீன், மார்ஃபின், ஆக்சிகோடோன், டாபென்டடால். மூச்சைத் தூண்டும் மூளை மையத்தை இவை மந்தப்படுத்துகின்றன. தசைத் தளர்த்தி அதன்மேல் இன்னொரு பாரம். ஓபியாய்டு, டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன், கரிசோப்ரடால் மூன்றும் சேர்வது போதைக்காகத் தேடப்படும் சேர்க்கை; உயிரைப் பறிக்கும் சேர்க்கையும் கூட. ஓபியாய்டையும் பென்சோடயசெபைனையும் சேர்ப்பதற்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் உச்ச எச்சரிக்கை விதித்தது.

2. மது. 'ஒரு கோப்பைதானே' என்ற கணக்கு இங்கே செல்லாது. மருந்து ஏற்கெனவே மூளையை இறக்கி வைத்திருக்கும்போது பாதி கோப்பையும் முழுக் கோப்பையாகிவிடும். முந்தின நாள் போட்ட சைக்ளோபென்சபிரினும் கணக்கில் வரும்.

3. டிசானிடினோடு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அல்லது ஃப்ளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து. இது தடைசெய்யப்பட்ட சேர்க்கை. டிசானிடினை உடைக்கும் ஈரல் நொதியை இவை அடைத்துவிடுகின்றன. உடல் எதிர்கொள்ளும் டிசானிடினின் மொத்த அளவு சிப்ரோஃப்ளாக்சசினால் 10 மடங்கும் ஃப்ளூவாக்சமினால் 33 மடங்கும் உயர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 4 மி.கி. போட்டவர் 40 மி.கி. போட்டதற்குச் சமம். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுவது அன்றாடம் நடப்பது. முதுகுவலி மாத்திரையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்வதில்லை. கருத்தடை மாத்திரைகளும் டிசானிடின் வெளியேறும் வேகத்தைக் குறைக்கும், இந்த அளவுக்கு இல்லை.

4. சளி, ஒவ்வாமைக்கான பழைய தலைமுறை மருந்துகள். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை தூக்கத்தையும் சிறுநீர் அடைப்பையும் இரட்டிக்கும்.

5. கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருப்பவை. குளோர்சாக்சசோன் பலமுறை பாரசிட்டமாலோடும் டைக்ளோஃபினாக்கோடும் ஒரே மாத்திரையில் வரும். அதைப் போட்டுக்கொண்டே காய்ச்சலுக்குத் தனியாகப் பாரசிட்டமாலும் வலிக்குத் தனியாக ஐபுப்ரோஃபெனும் போட்டால், நாளுக்கு 4 கிராம் என்ற பாரசிட்டமால் வரம்பு தெரியாமலே தாண்டும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் இரட்டைச் சுமை. அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

முதியோருக்கு ஏன் தனி விதி?

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், சைக்ளோபென்சபிரின், மெத்தோகார்பமால், கரிசோப்ரடால், குளோர்சாக்சசோன், மெட்டாக்சலோன், ஆர்பினட்ரின் ஆறையும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது. காரணம் எளிது. ஈரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் அதே மாத்திரை உடலில் கூடுதலாகத் தங்குகிறது. சைக்ளோபென்சபிரின் இளையோரைவிட சுமார் 1.7 மடங்கு சேர்கிறது. சமநிலையும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பிடிப்பு நீங்கத் தந்த மாத்திரை படுக்கையில் கிடத்திவிடும். தவிர்க்கவே முடியாதபோது, மிகக் குறைந்த அளவு, இரவில் மட்டும், சில நாளுக்கு மட்டும் என்பதே நடைமுறை.

வண்டி ஓட்டுவோருக்கும் இயந்திரங்களோடு வேலை செய்வோருக்கும் வயது ஒரு பொருட்டல்ல. முதல் மாத்திரையை மறுநாள் விடுமுறையாக இருக்கும் இரவில் எடுத்துப் பார்ப்பது நல்லது. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று தோன்றுவதும் எதிர்வினை வேகம் குறையாமல் இருப்பதும் ஒன்றல்ல.

நிறுத்தும்போது

ஒரு வாரம் எடுத்த மாத்திரையை நிறுத்துவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வாரக்கணக்கில் எடுத்தால் நரம்புமண்டலம் அந்தப் பாரத்துக்கு எதிராகத் தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும். பாரத்தைத் திடீரென எடுத்தால் முறுக்கு மட்டும் மிஞ்சும்.

- பேக்லோபென்: திடீர் நிறுத்தத்தில் மாயத்தோற்றம், வலிப்பு, கடும் காய்ச்சல், விறைப்பு மீண்டும் பன்மடங்காதல். தண்டுவடத்துக்குள் பம்பு வழியாகச் செலுத்தப்படுபவருக்கு பம்பு பழுதானால் உயிருக்கே ஆபத்து. வாய்வழி எடுப்பவருக்குக் குறைந்தது ஒன்றிரண்டு வாரம், பெரிய அளவென்றால் அதைவிட நீட்டியும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கால் மாத்திரை உள்ளே தங்காத நாட்களும் திடீர் நிறுத்தம் போன்றவையே.

- டிசானிடின்: ரத்த அழுத்தமும் துடிப்பும் எதிர்த்திசையில் துள்ளும். அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர் நாளுக்கு 2 முதல் 4 மி.கி. வீதம் இறக்குவது மருந்துக் குறிப்பில் உள்ள முறை.

- கரிசோப்ரடால், டயசெபாம்: தூக்கமின்மை, நடுக்கம், பதற்றம், கடுமையாக இருந்தால் வலிப்பு. இங்கே வாரக்கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும், தாமாகச் செய்யக்கூடாது.

- சைக்ளோபென்சபிரின்: பெரும்பாலும் தலைவலி, குமட்டல், அசதியோடு முடியும். அரைவாழ்வு நீளமாக இருப்பதால் அதுவே ஓரளவு தன்னைத்தான் படிப்படியாக இறக்கிக்கொள்கிறது.

அளவு மீறினால்

எழுப்பினாலும் எழாத தூக்கம், நிமிடத்துக்கு எட்டு பத்துக்கும் கீழே இறங்கிய மூச்சு, நீலமாகும் உதடு, ஒழுங்கற்ற துடிப்பு, வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். அதுவரை செய்ய வேண்டியவை:

1. மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்க்க வேண்டும். வாந்தி எடுத்தால் தொண்டையில் அடைக்காது. மூச்சே இல்லை என்றால் அவசர எண்ணில் சொல்லித்தரும் முறையில் உயிர்மீட்பு அழுத்தம் தொடங்க வேண்டும்.

2. வாந்தி எடுக்கவைக்க முயலக்கூடாது. மயக்கத்தில் உள்ளவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். காபி கொடுப்பது, குளிர்ந்த நீர் ஊற்றுவது எதுவும் பயன் தராது.

3. ஓபியாய்டும் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்து, நலாக்சோன் கையில் இருந்தால் கொடுக்கலாம். அது ஓபியாய்டை மட்டுமே முறிக்கும். தசைத் தளர்த்தியை முறிக்காது. எனவே கொடுத்தபின் விழித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, கையோடு கொண்டுபோக வேண்டும். சைக்ளோபென்சபிரின் என்று தெரிந்தால் மருத்துவர்கள் உடனே இதய மின்பதிவு (ஈ.சி.ஜி.) எடுப்பார்கள். பேக்லோபென் என்று தெரிந்தால் சிறுநீரகத்தின் நிலையைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ் பற்றி முடிவெடுப்பார்கள். எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.